கதைக்கத் தெரிந்தவருக்குத்தானா வேலை?

நேர்முகப் பரீட்சை முடிந்து வீடு வரும் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படுவது, "வடிவாக் கதைச்சனியா?" என்பதுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற எண்ணம் நம்மவரிடையே ஊறிப்போனது. ஆய்வுகள் இதைப் பாதிதான் ஏற்கின்றன.

ஆளுமையை உளவியலாளர்கள் பொதுவாக ஐந்து பண்புகளாக அளக்கிறார்கள்: புதியதை நாடுதல், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் பதற்றமடைதல். இவை எல்லோரிடமும் கூடியும் குறைந்தும் இருப்பவை. 1991 இல் பாரிக், மவுண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லாத் தொழில் பிரிவுகளிலும் வேலைத்திறனோடு தொடர்புபட்டிருந்தது பொறுப்புணர்வே. கலகலப்பு விற்பனையிலும் முகாமைத்துவத்திலும்தான் கைகொடுத்தது. இந்தத் தொடர்புகளும் பெரியவை அல்ல. குணத்தை வைத்து ஒருவருக்குச் சாத்திரம் சொல்ல முடியாது.

ஆனால் வேலை செய்வது வேறு, வேலை தேடுவது வேறு. தேடும்போது கலகலப்பானவருக்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அவருக்கு ஆட்களைத் தெரியும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில் செய்த ஆய்வு 1970களில் வெளியானது. அதில், அறிமுகம் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 வீதத்தினரே தகவல் தந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள். மற்றவர்களுக்குத் தகவல் தந்தது எப்போதாவது காணும் ஒருவர். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் புதுத் தகவல் கொண்டுவரும்.

வன்னி மக்களிடமிருந்து போர் பறித்தவற்றில் இதுவும் ஒன்று. வீடும் காணியும் இழப்புக் கணக்கில் வந்தன. பழைய வகுப்புத் தோழர், சங்கக்கடை முகாமையாளர், பக்கத்து ஊர் மேசன் என்ற அறிமுக வலையை யாரும் கணக்கெடுக்கவில்லை. பல தடவை இடம்பெயர்ந்து, செட்டிக்குளம் முகாம்களில் இருந்து, பிறகு மீள்குடியேறிய ஒருவருக்கு ஆளறிமுகம் இல்லையென்றால், அதை அவரது கூச்ச சுபாவம் என்று சொல்வது அநியாயம்.

நித்திரையின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடல், ஆட்களைக் கண்டால் விலகுதல் போன்றவையும் பிறவிக் குணமாக இராமல் போரின் காயமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. வைத்தியசாலை மனநலப் பிரிவை நாடலாம், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கூச்சமுள்ளவர் கலகலப்பானவர்போல் நடிக்கத் தேவையில்லை. தான் பொறுப்பாக முடித்த இரண்டு வேலைகளை, என்ன பிரச்சினை, என்ன செய்தேன், என்ன நடந்தது என்று முதலே எழுதி, வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பார்த்தால் போதும். சனசமூக நிலையக் கணக்கை எழுதியதும், குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்தியதும் இதில் சேரும். பழைய மாணவர் சங்கத்தில் கதிரை அடுக்கப் போனாலும் நாலு பேருக்கு முகம் தெரியும்.

நேர்முகம் நடத்துவோரிடமும் ஒரு வேலை இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் புள்ளியிட்டால், ஆளின் கலகலப்பில் மயங்கித் தெரிவு செய்வது குறையும்.