தாங்கல்னு பேரு வெச்சது சும்மாவா?

ஈக்காட்டுத்தாங்கல்னு சொன்னா சென்னைக்காரங்களுக்கு மெட்ரோ ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். எங்கள மாதிரி ஏரிப்பாசன விவசாயிங்களுக்கு அந்தப் பேரோட பின்பாதிதான் முதல்ல காதுல விழும். தாங்கல்னா மழைத்தண்ணிய தாங்கி நிறுத்துற சின்ன ஏரி. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் பேரும் அப்படி வந்ததுதான்.

தண்ணியோட குணம் பாத்துதான் நம்ம முன்னோர் பேரு வெச்சாங்க. ஏரிக்குத் தண்ணி கொண்டு வர்றது வரத்துக்கால்வாய். ஏரி நிரம்பினா மிச்சம் கலங்கல்ல வழிஞ்சு அடுத்த ஏரிக்குப் போகும். மழைக்கு மட்டும் ஓடினா ஓடை. இப்படி சுமார் 200 ஏரி குளங்களோட மிச்சத் தண்ணிய வாங்கிக்கிட்டு, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடல்ல சேருது அடையாறு.

1994ல அமெரிக்க நீரியல் நிபுணர் டேவிட் ராஸ்கன் ஆறுகளை அவற்றோட உடம்பமைப்ப வெச்சு வகை பிரிச்சார். சரிவு எவ்வளவு, ஆழத்துக்கு அகலம் எவ்வளவு, எவ்வளவு வளையுது, அடியில பாறையா மணலா களிமண்ணா, வெள்ளம் வந்தா பக்கத்துல பரவ இடம் இருக்கா? இவ்வளவும் பாத்தார். ஒரு ஆறு வகை மாறுதுன்னா, அதுக்கு வர்ற தண்ணியோ மண்ணோ மாறியிருக்கலாம். வாய்க்கால் வெட்டினவங்களுக்கு இது புதுசில்ல. சரிவு கூடினா கரை அரிக்கும், குறைஞ்சா வண்டல் படியும்.

அந்தக் கணக்குல அடையாற்றைப் பாருங்க. சரிவு ரொம்பக் கம்மி. அதனால வெள்ளம் வேகமா ஓடிக் கடக்காது, பரவித்தான் வடியும். அது பரவுற இடத்துல இன்னைக்கு வீடும் கம்பெனியும் நிக்குது. முன்ன வயல்லயும் ஏரியிலயும் நின்னு நிதானமா வந்த தண்ணி, இப்ப சிமெண்டுலயும் தார்லயும் வழிஞ்சு ஒரே நேரத்துல ஆத்துக்கு வருது.

2015 ஜூன்ல ஈக்காட்டுத்தாங்கலுக்கு மெட்ரோ வந்தது. அதே வருஷம் டிசம்பர்ல ஆறு வந்தது. செம்பரம்பாக்கத்துல திறந்தது உச்சத்துல விநாடிக்கு 29,000 கன அடி. அதோட வழியிலிருந்த ஏரிகளோட கலங்கல் தண்ணியும் சேர்ந்துடுச்சு. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டைன்னு வீடு வீடா புகுந்தது. ஷட்டர எப்ப திறந்தாங்கன்னு எல்லாரும் பேசினோம். அது கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா தண்ணிய தாங்குன இடமெல்லாம் எங்க போச்சுன்னும் கேக்கணும்.

கிராம நிர்வாக அலுவலர் கிட்ட இருக்கிற அ-பதிவேட்டுல ஏரி, ஓடை, வாய்க்கால்னு ஒவ்வொண்ணுக்கும் தனி சர்வே எண் இருக்கும். மனை வாங்கப் போறவங்க பட்டாவ மட்டும் பாக்காம அதையும் ஒரு தடவ பாத்துடுங்க. ஊர்ப் பேரையும் சத்தமா ஒருமுறை சொல்லிப் பாருங்க.