மிலிந்தர் கல்லூரி காட்டும் வழி

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு நிர்வாகிகள் பணித்தபோது, மரக்காணத்தின் பழம்பெருமையை எழுதலாமென முதலில் எண்ணினேன். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுவர். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் இடமும் இதுவே. ஆயினும் அவற்றை எழுதுதற்கு வேறு பலர் உளர். வெயிலில் நின்று உப்பு வாரும் பெற்றோரின் பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றபின் ஏன் வாயடைத்துப் போகின்றனர் என்ற வினாவே என்னை நெடுநாளாக உறுத்துகின்றது.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பிலேயே தளை தட்டாமல் வெண்பா எழுதுவான். கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். கட்டணத்திற்கு நம் கழகம் உதவிற்று. முதலாண்டு முடியுமுன் ஊர் திரும்பிவிட்டான். தேர்வில் அவன் தோற்கவில்லை; பணமும் குறையவில்லை. உதவித்தொகை பெறுவோரை வகுப்பில் எழுந்து நிற்கச் செய்து பெயர் படித்தார்களாம். அன்று முதல் அவன் வகுப்பில் ஒரு வினாவும் கேட்டதில்லை. கவிதைப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததுமில்லை. கட்டணம் கட்டியதோடு நம் கடமை முடிந்ததென்று நாமும் இருந்துவிட்டோம்.

இந்நோயைத் தம் வாழ்விலேயே அறிந்தவர் அண்ணல் அம்பேத்கர். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அவர், 1918இல் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். ஆசிரியர் அறையிலிருந்த பொதுத் தண்ணீர்ப் பானையில் அவர் நீர் அருந்துவதற்குச் சக ஆசிரியர் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். ஆசிரியருக்கே அந்நிலையெனில் மாணவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அவர் 1945 ஜூலை 8ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கிற்று. தொடக்கத்தில் அது இயங்கியது இராணுவத்தார் விட்டுச்சென்ற கொட்டகைகளில்! பகலில் வேலைக்குச் செல்லும் ஏழை இளைஞரும் பயிலும் பொருட்டு அங்குக் காலை நேர வகுப்புகள் நடைபெற்றன. மாணவர் பாராளுமன்றம் ஒன்றும் அமைந்திருந்தது. நாட்டின் சட்ட அமைச்சராயிருந்த காலத்திலேயே அண்ணல் அதன் முன் உரையாற்றியுள்ளார். எழுந்து பேசினால் எவரேனும் நகைப்பரோ என்று கூசிய இளைஞன், நம் சொல்லும் எடைபோடப்படுகிறது என்று உணர்வதற்கு அது ஒரு களமாயிற்று.

ஆயினும் நான் விரிவாகக் கூற விரும்புவது, அண்மையில் சத்திரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றப்பெற்ற ஔரங்காபாத்தில் அவர் தொடங்கிய கல்லூரியைப் பற்றியே. 1948 வரை நிஜாம் ஆட்சியிலிருந்த மராத்வாடா, உயர்கல்வியில் மிகவும் பின்தங்கிய பகுதி. அங்கு 1950 ஜூனில் கல்லூரி திறக்கப்பட்டது. 1951 செப்டம்பர் 1ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதன் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். பின்னர் அதற்கு மிலிந்தர் பெயரும், வளாகத்திற்கு நாகசேன வனம் என்ற பெயரும் இடப்பட்டன.

இப்பெயர்களின் பொருளை நம் இளைஞர் அறிதல் வேண்டும். மிலிந்தன் கிரேக்க மரபில் வந்த அரசன். நாகசேனர் பௌத்தத் துறவி. வாதிடலாம் வாரும் என்று அரசன் அழைத்தபோது, அறிஞர் வாதிடும் முறையிலாயின் வருவேன், அரசர் வாதிடும் முறையிலாயின் வாரேன் என்றார் துறவி. அறிஞர் வாதில் பிழை சுட்டப்படும், எவரும் சினம் கொள்ளார். அரசர் வாதிலோ மறுத்துரைத்தவனுக்குத் தண்டனை கிடைக்கும். இந்நிபந்தனைக்கு அரசன் இசைந்தான். கேள்வி கேட்பவன் தண்டிக்கப்படாத இடமே கல்லூரி என்பதற்கு இதனினும் நல்ல கதையை நான் அறியேன்.

அங்கு வந்தோருள் மிகப் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி கண்டவர்கள். முதல்வராயிருந்த எம்.பி. சிட்னிஸ், பாடம் நடத்துவதோடு நில்லாது, தீண்டப்படாதார் யுகந்தோறும் பட்ட பாடுகளை ‘யுகயாத்திரை’ என்னும் நாடகமாக எழுதினார். மறைத்துக்கொள்ள வேண்டியதெனக் கருதிய தம் வாழ்க்கை, கல்லூரி மேடையில் ஏறத்தக்க பொருள் என்பதை மாணவர் கண்டனர். ஊக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வது பரிசுக் கோப்பையும் கைதட்டலும் மட்டுமே. அக்கல்லூரி கொடுத்தது அதனினும் அடிப்படையானது.

அதன் விளைவு இருபது ஆண்டுகளுக்குள் தெரிந்தது. அங்கு ஆசிரியராயிருந்த கங்காதர் பான்தவணே 1967இல் ‘அஸ்மிதா’ என்ற இதழைத் தொடங்கினார். ‘அஸ்மிதாதர்ஷ்’ எனப் பெயர் மாறிய அவ்விதழில், வேறெங்கும் இடம் கிடைக்காத புதிய எழுத்தாளர் பலர் எழுதினர். எழுத்தாளர் கூடல்களும் நடைபெற்றன. மராத்தி தலித் இலக்கியம் வளர்ந்த முக்கியக் களங்களுள் ஒன்றாக அது நின்றது.

நமக்கும் இம்மரபு புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே தம் இதழுக்குப் பெயரிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியை நிறுவினார். அண்மைக் காலத்தில் பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியராய்ப் பணியாற்றிய ராஜ் கௌதமன், தம் இளமையையும் மாணவப் பருவத்தையும் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்னும் நாவலாக்கி 2002இல் தந்தார். இந்நூல்களுள் எத்தனை நம் படிப்பகத்து அலமாரியில் உள்ளன என்று சென்ற மாதம் பார்த்தேன். ஒன்றுமில்லை. போட்டித் தேர்வு வழிகாட்டிகளே நிறைந்துள்ளன. அவையும் வேண்டியனவே, அவை மட்டும் போதுமா என்று நிர்வாகிகளைக் கேட்டேன். நூல்கள் வாங்க இசைந்துள்ளனர்.

ஊர் திரும்பிய அம்மாணவனை அழைத்துப் பேசினேன். நெடுநேரம் தலை கவிழ்ந்திருந்துவிட்டு, பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். வெண்பாவை விட்டு உரைநடைக்கு வந்திருந்தான். உப்புப் பாத்தியில் நின்று கால் வெடித்த தன் தாயைப் பற்றி எழுதியிருந்தான். இரண்டு இடங்களில் சொற்றொடர் இடறிற்று, சுட்டினேன். ஓரிடத்தில், ‘இல்லை ஐயா, நான் எழுதியதே சரி’ என்று மறுத்தான். அவன் சொன்னதே சரியாயிருந்தது.

படிப்பகத்தில் கையெழுத்து இதழ் ஒன்று நடத்த அவன் ஒப்புக்கொண்டுள்ளான். கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியர் தம் ஆக்கங்களை மார்கழி 15ஆம் நாளுக்குள் அவனிடம் சேர்ப்பிக்கலாம். முதல் இதழ் பொங்கலன்று வெளிவரும்.