சுற்றளவும் தரைக்கணக்கும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டைல்ஸ் வாங்கப் போகிறவர் கையில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கும்: தரையின் சதுரடி. அதைப் பெட்டிக் கணக்குக்கு மாற்றி, சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டி, பணத்தைக் கட்டிவிடுகிறோம். இந்தக் கணக்கு பிழை என்பதே என் வாதம். சதுரடி என்பது தரை எவ்வளவு பெரியது என்று சொல்லும். எத்தனை கல் வேண்டும் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவை நீளமும் அகலமும். அந்த இரண்டையும் அஸ்திவாரம் தோண்டும் முன்பே விரல் அளவுக்குத் தீர்மானித்த ஒரு வழக்கம் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தது. டைல்ஸ் வருவதற்கு வெகுகாலம் முந்தைய வழக்கம் அது. ஆனாலும் டைல்ஸுக்குத்தான் அது இன்னும் பொருந்தும்.

முதலில் பழைய தரையைப் பார்க்க வேண்டும். 1795 வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூர் ஆளப்பட்ட இடம் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. அதன் கருந்தரை இன்றும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கிறது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, மணல் ஆகியவை சேர்ந்த கலவை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தத் தரையில் துண்டு இல்லை, இணைப்பு இல்லை. கூடம் எந்த வடிவில் இருந்தாலும் கலவை அந்த வடிவை எடுத்துக்கொள்ளும். குறைந்தால் இன்னும் கொஞ்சம் அரைத்துச் சேர்க்கலாம். சாமானியர் வீட்டில் மண்ணைக் கொட்டி இடித்து இறுக்கி, சாணத்தில் கரி கலந்து மெழுகிய தரைக்கும் இதே குணம்தான். அங்கே தேவைப்பட்ட மதிப்பீடு பரப்பும் கனமும் மட்டும். வெட்டி எறிய எதுவும் இல்லாததால் சேதாரம் என்ற சொல்லுக்கே வேலை இல்லை.

அளவின் கட்டுப்பாடு வேறோர் இடத்தில் இருந்தது. தச்சரின் கோல் 24 அங்குலம். அந்த அங்குலம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், ஆகவே கோல் 72 சென்டிமீட்டர். பதினாறாம் நூற்றாண்டின் மனுஷ்யாலய சந்திரிகை முதலான தச்சு நூல்களின் வழியில், வீட்டுக்கு முதலில் முடிவாவது சுற்றளவு. சுற்றளவின் கோல் எண்ணை 3 ஆல் பெருக்கி 8 ஆல் வகுத்தால் வரும் மிச்சம் யோனி. 1, 3, 5, 7 என ஒற்றைப்படையில் வந்தால் கொள்ளலாம், இரட்டைப்படையில் வந்தால் தள்ள வேண்டும். இது மங்கலக் கணக்குதானே, பொருள் கணக்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நோக்கம் மங்கலம்தான், மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் முழு எண்ணாக வர வேண்டும் என்பதால், சுற்றளவு எப்போதும் கோலில் மூன்றில் ஒரு பங்கான எட்டு அங்குலப் படிகளிலேயே நின்றது. வாய்க்கு வந்த அளவில் யாரும் சுவர் எழுப்பவில்லை. இன்னொரு மறுப்பு கணக்கிலிருந்தே வரும்: சுற்றளவு பரப்பைக் காட்டாது. 11க்கு 11 அறைக்கும் 6க்கு 16 அறைக்கும் சுற்றளவு 44 அடிதான். பரப்போ 121, 96. உண்மை. அதே போலப் பரப்பும் வடிவைக் காட்டாது. ஆசாரி சுற்றளவோடு நிற்கவில்லை, அதை நீளமாகவும் அகலமாகவும் பிரித்த பிறகே மரம் அறுத்தார். நாம் பரப்போடு நின்றுவிடுகிறோம்.

1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே ஆண்டில்தான் மெட்ரிக் அளவைக்கான சட்டமும் வந்தது. கோலை விட்டு அடிக்கு வந்தவர்கள் அடியிலேயே நின்றுவிட, பின்னாளில் டைல்ஸ் மில்லிமீட்டரில் வந்து இறங்கியது. ‘டூ பை டூ’ என்று சொல்லி வாங்கும் கல் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்பதோ 609.6. ஆகவே ஒரு கல் 4 சதுரடி இல்லை, 3.875 தான். நான்கு கல் கொண்ட பெட்டி 16 இல்லை, 15.5. இனி 10க்கு 12 அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பைப் பார்த்தால் 31 கல், 8 பெட்டி. ஆனால் 10 அடியில் ஐந்து கல் போட்டபின் 48 மில்லிமீட்டர் மிஞ்சும், 12 அடியில் ஆறு கல் போட்டபின் ஏறக்குறைய 58. அவ்வளவு மெல்லிய கீற்றைச் சுவரோரம் வைத்தால் பார்க்க நன்றாக இராது, வெட்டும்போதும் உடையும். அதனால் நல்ல வேலைக்காரர் வரிசையை நகர்த்தி, இரு பக்கமும் அரைக்கல்லுக்குச் சற்று அதிகமான துண்டு வருமாறு வைப்பார். அந்தத் துண்டு 324 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஒரு கல்லில் ஒன்றுதான் எடுக்க முடியும். ஆக, ஆறுக்கு ஏழு, 42 கல். பத்து சதவீதம் கூட்டி வாங்கினவர் பாதியில் மறுபடி கடைக்கு ஓடுவார். அப்போது அதே பேட்ச் கிடைக்காவிட்டால் நிறம் வேறுபடும். இருபதுக்கு முப்பது ஹாலில் இதே முறையில் 155 கல்லுக்குப் பதில் 176 ஆகும், கூடுதல் 14 சதவீதம்தான். சேதாரம் அதிகமாக விழுவது சிறிய அறையில், சிறிய வீட்டில். எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

வெட்டி மிஞ்சிய துண்டு வீணில்லை, ஸ்கர்ட்டிங்குக்கு ஆகும் என்பார்கள். ஆகும். அந்த 10க்கு 12 அறைக்கு வேண்டிய 23 பட்டைகளும் அந்த மிச்சத்திலேயே கிடைத்துவிடும். பழைய ஆசாரியின் சுற்றளவு இன்று உயிரோடிருப்பது அந்த ஓரப் பட்டையில் மட்டும்தான். ஆனாலும் அறையை ஒரு பக்கம் 48 மில்லிமீட்டரும் மறுபக்கம் 58 மில்லிமீட்டரும் குறைத்துக் கட்டியிருந்தால் தரைக்கு 30 கல், ஸ்கர்ட்டிங்குக்கு 5 கல், மொத்தம் 35. இணைப்பு இடைவெளிக்குச் சில மில்லிமீட்டர் விட்டால் போதும். அறைக்கு ஏழு கல் மிச்சம். மனையடி சாஸ்திரத்துக்காக அங்குலக் கணக்கில் சுவரை நகர்த்தச் சம்மதிக்கிறவர்கள் கல்லுக்காக இரண்டு அங்குலம் விட்டுக்கொடுக்க யோசிப்பதில் நியாயம் இல்லை. மனையடி அளவை மாற்ற மனமில்லையென்றால் ஓரத்தில் வேறு கல்லால் பட்டை கட்டலாம்; செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரைகளில் அப்படி ஓரம் கட்டுவது பழகிய வேலை. உடைவுக்கும் பின்னாள் பழுதுக்கும் நாலைந்து கல் அதிகம் வாங்கி வைப்பது சரியே. அது வேறு கணக்கு.

வீடு கட்டப் போகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு முன்பே எந்த அளவு டைல்ஸ் போடப் போகிறோம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். சுவர் எழும்பிவிட்ட வீடு என்றால், அறை அறையாக மில்லிமீட்டரில் அளந்து, வரிசையைத் தாளில் வரைந்து, கல்லை ஒவ்வொன்றாக எண்ணிய பிறகு எத்தனை பெட்டி என்று சொல்லுங்கள்.