பழைய வானுக்கு டேர்போ மாற்றுதல்: வீட்டு முற்றத்தில் மூன்று நாள்கள்

பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது, பின்னால் அம்புலன்ஸ் வருகிறது என்று ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறாள். மாமாவும் ஓரம்கட்டி வழிவிட்டிருக்கிறார். எதுவும் வரவில்லை. வானை எடுத்து வேகம் கூட்டியதும் அதே ஊளைச் சத்தம் மறுபடியும். சத்தம் வந்தது மாமாவின் ஆசனத்துக்குக் கீழே இருந்து. வீட்டு வாசலில் வந்து நிறுத்தியபோது சைலன்சரிலிருந்து நீலப் புகை. ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் கீழ்க் கோட்டுக்கும் கீழே நின்றது.

வான் 1997 ஆம் ஆண்டு டொயோட்டா டவுன்ஏஸ் நோவா. எஞ்சின் 3சி-டி, 2184 சிசி டீசல், டேர்போ உள்ளது. வடக்கில் இந்த வகை வான்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டாலும், வரியோடு சேர்த்து வருகிற விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆகவே இருக்கிறதைத் திருத்தித் திருத்தித்தான் ஓட வேண்டும். வான் நின்றால் மாமா வீட்டு அடுப்பும் நிற்கும். பதினொரு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேறு வழி தேட வேண்டும்.

எட்டு மாதங்களுக்கு முன்புதான் ஒரு கராஜில் கொடுத்து டேர்போ மாற்றியிருந்தார். மறுபடி அதே செலவைத் தாங்க முடியாது. அதனால் வீட்டிலேயே செய்வது என்று முடிவு. மாமாவின் வலது தோளில் 2009 இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. கை தோளுக்கு மேலே எழும்பாது, இறுகிய நட்டைக் கழற்றுகிற பலமும் அதில் இல்லை. “நான் சொல்லுறன், நீ செய் பிள்ளை” என்றார். நான் ஊடகக் கற்கைகள் படித்தவள். ஸ்பனர் பிடித்த அனுபவம் சைக்கிளோடு சரி. எங்கள் இருவருக்கும் மேலே, பக்கத்துக் காணியில் இருக்கும் எழுபது வயது தாண்டிய மெக்கானிக் ஐயா ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

டேர்போ என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறு முனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சி அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்றுக் கூடினால் கூடுதலாக டீசலை எரிக்கலாம், இழுவை கூடும். வீணாய்ப் போகிற புகையை வேலைக்குப் பிடிக்கும் இந்த யோசனைக்கு 1905 இல் காப்புரிமை பெற்றவர் அல்பிரட் பூசி என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர். (எங்கள் டேர்போவுக்குக் காசு அனுப்பிய சித்தப்பாவும் சுவிஸில்தான் இருக்கிறார்.) அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலே சுழலக்கூடியது. அதைத் தாங்குவது போல்பெயாரிங் அல்ல. புஷ் ஒன்றுக்குள், மெல்லிய ஒயில் படலத்தின்மேல் தண்டு மிதக்கிறது. ஒயில் சில விநாடிகள் வராவிட்டாலே புஷ் தேயத் தொடங்கிவிடும்.

“டேர்போ தானாய்ச் சாகாது. யாரோ சாக்கொல்லிப்போட்டுத்தான் விடுவினம்” என்பது ஐயாவின் கட்சி. பொருளாதாரத் தடைக் காலத்தில் அவர் மோட்டார் சைக்கிள்களையும் பழைய பெற்றோல் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓடப் பண்ணியவர். காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சிவிட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அந்தக் காலத்து வித்தை. எங்கள் தலைமுறையில் பலருக்கு அந்தப் புகை மணம் நினைவிருக்கும். அப்படிப்பட்ட எஞ்சினை ஏமாற்றலாம், டேர்போவை ஏமாற்ற முடியாது என்று அன்றைக்கு மட்டும் மூன்று தரம் சொன்னார்.

கழற்ற முன்னர், கெட்டது டேர்போதானா என்று உறுதிப்படுத்த வேண்டும். புகையின் நிறம் முதல் சாட்சி. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை. டேர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர் குழாய் வெடித்திருந்தாலும், ஏயார் பில்டர் அடைத்திருந்தாலும் கறுப்புப் புகை வரும், இழுவை குறையும். அதற்கு டேர்போவே மாற்றத் தேவையில்லை. எஞ்சினின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாய் அடைத்தால், டேர்போவின் ஒயில் கீழே வடிய முடியாமல் சீல் வழியாகப் புகைக்குள் போகும். அதுவும் பார்க்க டேர்போ செத்த மாதிரியேதான் இருக்கும். நல்ல டேர்போவைக் கழற்றி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எஞ்சின் ஆறிய பிறகு காற்று வரும் பக்கக் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடு நட்டை இரு விரல்களால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடும், அது ஒயில் படலத்துக்கான இடைவெளி. பயப்பட வேண்டாம். ஆனால் சக்கரம் சுவரில் உரசக் கூடாது. உள்ளே வெளியே என்ற திசையில் அசைவு கையில் தெரியவே கூடாது. எங்களுடையதில் இரண்டு பக்கமும் ஆடியது, இதழ்களின் ஓரம் சுவரில் தேய்ந்து மின்னியது. குழாயில் மெல்லிய ஒயில் பசை இருப்பது சாதாரணம். எங்களுடையதில் குழம்புக் கரண்டியால் அள்ளலாம் போல ஒயில் தேங்கி நின்றது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளை ஏற்றி ஓடுபவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. டீசல் எஞ்சின், டேர்போ கசியவிடும் ஒயிலையே எரிபொருளாக எடுத்து ஓடத் தொடங்கலாம். அப்படி ஓடினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. டீசலைத்தான் சாவி நிறுத்தும், ஒயிலை அல்ல. சத்தம் ஏறிக்கொண்டே போகும், வெள்ளை நீலப் புகை மூடும், கடைசியில் எஞ்சின் உடைந்து சிதறலாம். முதலில் ஆட்களை இறக்கித் தூரத்துக்கு அனுப்புங்கள். மனுவல் கியர் என்றால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு கிளச்சை விடுங்கள், அமுங்கி நிற்கும். ஓட்டோ கியரில் அந்த வழி இல்லை. காற்று உள்ளே போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையால் அடைக்கப் போகாதீர்கள், துணியும் வேண்டாம், இழுத்துக்கொண்டு போய்விடும். ஊளைச் சத்தமும் நீலப் புகையும் சேர்ந்து வந்த அன்றே மாமா வானை நிறுத்தியது நல்ல காலம். “இன்னும் ரெண்டு நாள் ஓடிப்போட்டுப் பாப்பம் எண்டுதான் நினைச்சனான்” என்று பிறகு சொன்னார்.

சாமான் வாங்குவதற்கு மூன்று வழிகள். புதிய மலிவு டேர்போ, பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பான் பழையது, அல்லது வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு நடுவிலுள்ள கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றுவது. பழையதை வாங்கினால், அது எப்படிச் செத்த வாகனத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. போன முறை போட்டது அந்த வகைதான். இம்முறை புதியது வாங்கினோம். எதை வாங்கினாலும் பழைய டேர்போவில் அடித்திருக்கும் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். டொயோட்டாவில் அது 17201 என்று தொடங்கும். மிச்ச இலக்கங்களும் பொருந்த வேண்டும். வான் பெயரைச் சொல்லி வாங்கினால் குழாய் பூட்டும் துளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

முதல் நாள் முழுக்கக் கழற்றவே இல்லை. மனிபோல்ட் நட்டுகளுக்கும் சைலன்சர் குழாய் நட்டுகளுக்கும் துருநீக்கி எண்ணெயை மூன்று தரம் அடித்துவிட்டுப் படுத்தோம். இருபத்தெட்டு வருடம் சூடேறி ஆறிய இரும்பு. பொறுமை இல்லாவிட்டால் ஸ்டட் முறியும். பொறுமையாக இருந்தும் ஒன்று முறிந்தது. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டோடு திருப்பினால் வரும். எங்களுக்கு வெல்டிங்காரர் வந்து போகவே அரை நாள் போய்விட்டது.

கீழே படுத்துச் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. ஜக்கில் மட்டும் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள். சீமெந்துக் கல்லும் வேண்டாம், அது முன்னறிவிப்பு இல்லாமல் நொருங்கும். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு இரவல் வாங்கினோம், அதோடு கழற்றிய சில்லுகளையும் சட்டத்துக்குக் கீழே தள்ளி வைத்தோம். ஐயா வானைத் தோளால் இடித்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் என்னைக் கீழே போகவிட்டார்.

வேலையின் ஒழுங்கு சிக்கலானது அல்ல. பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, கூலன்டை வடித்து, முன் ஆசனங்களையும் மூடியையும் எடுத்தால் எஞ்சின் தெரியும். காற்றுக் குழாய்கள், தண்ணீர்க் குழாய்கள், ஒயில் வரும் குழாய், ஒயில் வடியும் குழாய், சைலன்சர் குழாய், கடைசியாக மனிபோல்ட். ஒவ்வொன்றையும் கழற்ற முன் போனில் படமெடுத்தேன். என் படிப்பு உதவிய ஒரே இடம் அதுதான். திறந்த வாய்களைத் துணியால் அடைத்தோம். எத்தனை துணி என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒன்று உள்ளே மறந்து போனால் புதிய டேர்போ ஒரு நிமிடம்கூட உயிரோடு இராது.

ஒயில் வரும் குழாயைக் கழற்றியபோதுதான் ஐயா கதிரையை விட்டு எழும்பினார். குழாய் பூட்டும் துளை வாயில் நீல நிறத்தில் றப்பர் போல ஒரு துண்டு. கேஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கன் பசை பூசி இறுக்கியிருக்கிறார்கள். பிதுங்கிய பசை காய்ந்து உள்ளே தொங்கி, ஏற்கெனவே சிறிய அந்தத் துளையில் பாதியை மறைத்து நின்றது. குழாயின் உள்பக்கமும் கருகிய ஒயில் கரியால் ஒடுங்கியிருந்தது. எட்டு மாதங்கள் அந்த டேர்போ அரைவயிற்றோடு ஓடியிருக்கிறது. இதைப் பாராமல் புதியதைப் பூட்டியிருந்தால் அதுவும் அதே வழியில்தான் போயிருக்கும். ஒயில் குழாய்களில் எந்தப் பசையும் பூசாதீர்கள். சரியான கேஸ்கட், புதிய செப்பு வோஷர், அவ்வளவுதான். ஒயில் வரும் குழாயைப் புதிதாகவே வாங்கினோம். வடியும் குழாயைக் கழுவி, ஒரு பக்கம் தண்ணீர் விட்டு மறுபக்கம் தடையில்லாமல் வருகிறதா என்று பார்த்து, நன்றாகக் காயவிட்டோம். காற்றுக் குழாய்களுக்குள் தேங்கிய ஒயிலை முழுவதும் துடைத்தெடுத்தோம். இன்டர்கூலர் உள்ள வாகனம் என்றால் அதையும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அங்கே நிற்கும் ஒயிலே எஞ்சினைத் தறிகெட்டு ஓட வைக்கலாம்.

பூட்டுவது கழற்றியதன் மறுதலை. நட்டுகளைக் கையால் பிடிக்கவைத்து, பிறகு எதிரெதிராகச் சமமாக இறுக்க வேண்டும். ஒயிலும் ஒயில் பில்டரும் கட்டாயம் புதியது. டீசலுக்கான 15டபிள்யூ-40 விட்டோம். பழைய ஒயிலை மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில் சரிவராது.

பலர் பிழைவிடுவது அடுத்த கட்டத்தில். புதிய டேர்போ காய்ந்து கிடக்கிறது. ஒயில் துளைக்குள் சுத்தமான ஒயிலை விட்டு, சக்கரத்தை விரலால் சுற்றி, மறுபடி விட வேண்டும். பிறகு குழாயைப் பூட்டி, டீசல் பம்பில் உள்ள நிறுத்தும் சொலனொயிட்டின் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் அடிக்க வேண்டும். எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. பத்துப் பத்து விநாடியாக, இடையில் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஆறவிட்டு, டாஷ்போர்டில் ஒயில் விளக்கு அணையும் வரை. அதற்குப் பிறகே வயரைப் பூட்டி உண்மையாக ஸ்டார்ட் பண்ணுவது. சில நிமிடங்கள் எக்ஸிலேட்டரைத் தொடாமல் அப்படியே விடுங்கள். மாமா பழக்கதோஷத்தில் ஒரு முறுக்கு முறுக்கப் போக, ஐயா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

காற்று வாயருகே ஒரு பலகையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். தேவைப்படவில்லை. குழாயில் மிஞ்சிய ஒயில் எரிந்து கால் மணித்தியாலம் வரை நீலப் புகை வந்தது. அந்தக் கால் மணித்தியாலமும் மாமா பேசவில்லை. பிறகு புகை நின்றது.

கூலன்டை நிரப்பும்போது அவசரப்பட வேண்டாம். எஞ்சின் ஆசனத்துக்குக் கீழே இருப்பதால் குழாய்களில் காற்று நின்றுவிடும். சூடு ஏறினால் ஹெட் வெடிக்கும் என்று இந்த எஞ்சினுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. ஹீட்டரைத் திறந்துவிட்டு, எஞ்சின் ஓட ஓட, குமிழி நிற்கும் வரை ஊற்றினோம். மறுநாள் காலை மூடியைத் திறந்து பார்த்தபோது இன்னும் அரை லீற்றர் போனது.

திங்கட்கிழமை பிள்ளைகளோடு ஓடியது. இறங்கியவுடன் சாவியைத் திருப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துகிறார் மாமா. சூடான டேர்போவில் ஒயில் ஓட்டம் திடீரென்று நின்றால் அந்த ஒயில் அங்கேயே கருகும், அந்தக் கரிதான் குழாயில் நாங்கள் பார்த்தது. ஒரு கிழமை கழித்து, எஞ்சின் ஆறிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்தேன். இரண்டு இளகியிருந்தன. அடுத்த ஒயில் மாற்றம் 5000 கிலோமீற்றரில். அந்த மீற்றர் இலக்கத்தைக் கடுதாசியில் எழுதி, கண்ணாடிக்கு மேலே பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்.