விருந்தாளி மீன்

மீன்பிடிக் கலையைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. தூண்டிலைக் கையால் தொட்டவனில்லை. ஆனாலும் அமெரிக்கா போய்வந்ததிலிருந்து ஒரு மீனின் சரித்திரம் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

ஆர்க்கன்சா மாநிலத்தின் தலைநகரான லிட்டில் ராக்கில் என் மைத்துனன் வேலை பார்க்கிறான். ஜூன் மாதத்தில் ஒருநாள், பொழுது விடியுமுன் என்னை எழுப்பினான். "கிளம்புங்கள் அத்தான். சீக்கிரம் போனால்தான் தண்ணீர் நிதானமாக இருக்கும். அப்புறம் மின்சாரத்துக்காகத் திறந்துவிட்டு விடுவார்கள்" என்றான். ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரை அடைந்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது.

நல்ல கோடைக்காலம். ஆனால் லிட்டில் ரெட் என்ற அந்த ஆற்றின்மீது மார்கழிப் பனிபோல் புகை மண்டியிருந்தது. நீரில் கையை வைத்தேன், விரல்கள் விறைத்துப்போயின. அலை இல்லை, சலசலப்பு இல்லை. ரப்பர் காற்சட்டை அணிந்த நாலைந்து பேர் இடுப்பளவு நீரில் சிலைபோல் நின்று ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்கள்.

கோடையில் இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? ஆற்றின் மேற்புறம் நிற்கும் கிரீயர்ஸ் ஃபெரி அணைதான் காரணம். 243 அடி உயரம், 1704 அடி நீளம். ஆழமான ஏரியில் வெயில் சுடுவது மேல் தண்ணீரை மட்டுமே. அடியில் இருக்கும் நீர் குளிர்ந்தே கிடக்கும். மின்சார யந்திரத்தைச் சுழற்றிவிட்டு வெளியே வருவது அந்த அடி நீர்தான்.

அணைக்கு முன் இந்த ஆறு வேறு மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் கரைபுரளும், கோடையில் மெலிந்து வெதுவெதுப்பாக ஓடும். ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் இதன் சொந்தக் குடி. வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் எடுக்கவும் 1959இல் அணை வேலை தொடங்கி 1962இல் முடிந்தது. பழைய ஹிக்டன் ஊர் ஏரிக்குள் போயிற்று. ஜனங்கள் மேட்டில் புது ஹிக்டனை அமைத்துக்கொண்டார்கள். 1963 அக்டோபர் 3ஆம் தேதி ஜனாதிபதி கென்னடி வந்து அணையை நாட்டுக்கு அர்ப்பணம் செய்தார். அதற்கு ஐம்பதாவது நாள் டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விழாவுக்கு மீன்களை யாரும் அழைக்கவில்லை. முட்டையிடக் கதகதப்பான நீரைத் தேடும் பாஸ் மீனுக்கு இந்தக் குளிரில் குடித்தனம் நடத்த முடியவில்லை. இழப்புக்கு ஈடாக மத்திய அரசாங்கம் 1965இல் அணைக்கருகே ஒரு மீன் பண்ணையை ஏற்படுத்தியது. பசிபிக் கடலோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட்டை வளர்த்து ஆற்றில் விட்டார்கள், இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழுப்பு ட்ரவுட்டோ ஐரோப்பாக்காரன். 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி நியூயார்க்குக்கு வந்த இனம். மீன்பிடி அன்பர்கள் 1970களில் அதன் முட்டைகளை இந்த ஆற்றின் அடியில் பதித்தார்கள். அது வேர்பிடித்து வம்சம் வளர்த்தது. 1992 மே 9ஆம் தேதி ரிப் காலின்ஸ் என்பவர், நாலு ராத்தல் தாங்கும் மெல்லிய நூலில், 40 ராத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பழுப்பு ட்ரவுட் ஒன்றை இங்கே பிடித்தார். 2009 வரை உலகத்தில் அதை மிஞ்சிய பழுப்பு ட்ரவுட் பதிவாகவில்லை.

கரையில் ஒரு பெரியவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எண்பது வயதிருக்கும். கென்னடி வந்த அன்று கூட்டத்தில் நின்றவராம். மைத்துனனிடம் சொன்னார்: "என் அப்பா பிடித்தது ஆற்றின் மீன். நான் பிடிப்பது அரசாங்கத்தின் மீன்."

"அப்படியானால் அணை கட்டியது தவறு என்கிறீர்களா?" என்று கேட்டேன்.

பெரியவர் தலையை ஆட்டினார். "ஒரு வெள்ளத்தில் எங்கள் சோளம் முழுவதும் போயிற்று. அந்த வருஷம் அம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன்" என்றார்.

அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. நான் தஞ்சாவூர்ப் பக்கத்தவன். 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன் அதன்பின் அருகிப்போயிற்று. ஆனால் அந்த அணை தேக்கிய தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். உல்லத்துக்காக வருந்தும்போது அந்தச் சோற்றையும் நினைக்கத்தானே வேண்டும்?

திடீரென்று அணைப்பக்கம் சங்கு ஊதியது. நீரில் நின்றவர்கள் அவசரமாகக் கரையேறினார்கள். எங்கோ நகரங்களில் வெயில் ஏறிவிட்டது, மின்சாரம் வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் நின்ற கற்களைத் தண்ணீர் மூடியது. கண்ணாடி போலிருந்த ஆறு சுழித்து ஓடத் தொடங்கியது.

வீடு திரும்பியதும் மைத்துனன் முதல் காரியமாகக் குளிர்சாதன யந்திரத்தைப் போட்டான். எனக்கும் அது வேண்டியிருந்தது.