0.22 தோட்டாவின் வரலாறு: மலிவும் துல்லியமும்

துப்பாக்கி சுடும் விளையாட்டில் துப்பாக்கி ஒருமுறைச் செலவு. தோட்டா அன்றாடச் செலவு. நாளொன்றுக்கு 100 தோட்டா வீதம் ஆண்டில் 200 நாள் பயிற்சி செய்யும் ஒருவருக்கு 20,000 தோட்டாக்கள் வேண்டும். பெட்டிக்கு 50 என்று எண்ணினால் அது 400 பெட்டி. ஒரு பெட்டியின் விலையில் சிறிய வேறுபாடு இருந்தாலும் ஆண்டு முடிவில் அது பெருந்தொகையாகிவிடும். எனவே ‘எந்தத் தோட்டா?’ என்னும் கேள்வி இவ்விளையாட்டின் தொடக்கத்திலிருந்தே இருந்து வருகிறது. அதற்குக் கிடைத்த விடைகளில் மிக நீண்டகாலம் நிலைத்து நிற்பது 0.22 அங்குலத் தோட்டா. தேசிய மாணவர் படையில் இருந்தவர்கள் இதைப் ‘பாயிண்ட் டூ டூ’ என்று அறிவார்கள். இதன் குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர்.

தோற்றம்

1845ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி நிக்கோலா ஃபுளோபேர் என்னும் துப்பாக்கிக் கைவினைஞர், அக்காலத்தில் துப்பாக்கியைப் பற்றவைக்கப் பயன்பட்ட சிறு செப்புத் தொப்பியின் வாயில் ஓர் ஈயக் குண்டைப் பொருத்தினார். அதில் தனியாக வெடிமருந்து இல்லை. தொப்பியில் இருந்த எரியூட்டும் கலவையின் விசையே குண்டைத் தள்ளியது. ஓசையும் விசையும் குறைவாக இருந்ததால் செல்வந்தர் வீட்டுக் கூடங்களில் குறிபார்த்துச் சுடும் பொழுதுபோக்குக்கு இது பயன்பட்டது. ஆகவே இந்தத் தோட்டாக் குடும்பம் போர்க்களத்துக்காகப் பிறந்ததன்று. இலக்கு அட்டைக்காகப் பிறந்தது.

1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இக்கருத்தை வளர்த்துத் தன் முதல் சுழல் கைத்துப்பாக்கிக்காக ‘0.22 ஷார்ட்’ தோட்டாவை வெளியிட்டது. இதில் உலோகக் கூட்டுக்குள் கருமருந்தும் சேர்ந்தது. 1871இல் கூடு நீண்ட ‘0.22 லாங்’ வந்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் அந்த நீண்ட கூட்டில் 2.6 கிராம் எடையுள்ள கனமான குண்டைப் பொருத்தி ‘0.22 லாங் ரைபிள்’ என்னும் தோட்டாவை உருவாக்கியது. இன்று ஒலிம்பிக்கில் சுடப்படுவது இதன் வழித்தோன்றலே. கருமருந்து போய்ப் புகையற்ற மருந்து வந்தது. வடிவ அளவு மட்டும் பெரிதும் மாறவில்லை.

மலிவுக்குக் காரணம் அமைப்பு

பெரிய தோட்டாக்களில் அடிப்பகுதியின் நடுவில் தனியான எரியூட்டி ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். 0.22 தோட்டாவில் அப்படி இல்லை. மெல்லிய பித்தளைத் தகட்டைக் குழாயாக இழுத்து, அடியில் உட்குழிவான விளிம்பு ஒன்றை மடித்து, அவ்விளிம்புக்குள் எரியூட்டும் கலவையை ஈரமாக இட்டுச் சுழற்றிப் பரப்புவார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது கலவை தீப்பற்றும். இதனால் இதை ‘ரிம்ஃபயர்’, அதாவது விளிம்பில் தீப்பற்றும் தோட்டா என்பர். உறுப்புகள் குறைவு, உலோகமும் மருந்தும் குறைவு. ஆகவே விலையும் குறைவு.

ஆனால் அதே அமைப்பு இரண்டு கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்தது. விளிம்பு நசுங்கும் அளவுக்குக் கூடு மெல்லியதாக இருக்கவேண்டியிருப்பதால் உயர்ந்த அழுத்தத்தை அது தாங்காது. மேலும் ஒருமுறை நசுங்கிய விளிம்பை மீண்டும் நிரப்ப இயலாது. பெரிய தோட்டாக்களைச் சுடுபவர், காலிக் கூட்டில் புதிய எரியூட்டியும் மருந்தும் குண்டும் இட்டுத் தன் துப்பாக்கிக்கு ஏற்பத் தாமே தோட்டா செய்துகொள்ள முடியும். 0.22 சுடுபவருக்கு அந்த வழி இல்லை. ஆலை என்ன தருகிறதோ அதிலிருந்து தேர்ந்தெடுப்பது மட்டுமே அவர் கையில் உள்ளது. இவ்விளையாட்டில் தோட்டாத் தேர்வு ஒரு தனிக்கலையாக வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

போயர் போரும் உழைப்பாளர் சங்கங்களும்

1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், தொலைவிலிருந்து குறிதவறாமல் சுட்ட போயர் விவசாயிகளிடம் பிரித்தானியப் படை பெரும் இழப்புகளைச் சந்தித்தது. குடிமக்களும் சுடப் பழகவேண்டும் என்னும் குரல் பிரித்தானியாவில் எழுந்தது. அப்போரில் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு அதை முன்னின்று வலியுறுத்தினார். ஆனால் படைத் துப்பாக்கியின் தோட்டா விலை மிகுந்தது. அதைச் சுட நீண்ட திறந்தவெளியும் வேண்டும். நகரத்துத் தொழிலாளருக்கு இரண்டும் எட்டாதவை.

இதற்கு விடையாக 1901இல் உழைப்பாளர்களுக்கான சுடுபயிற்சிச் சங்க அமைப்பு தோன்றியது. 1903இல் அது மற்றோர் அமைப்புடன் இணைந்து சிறு ரைபிள் சங்கங்களின் கழகமாயிற்று. 25 கெஜ நீளக் கூடம் ஒன்றும் சில பெட்டி 0.22 தோட்டாவும் இருந்தால் ஒரு சங்கம் நடத்தலாம் என்ற நிலை வந்தது. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் சிறுதுளை ரைபிள் போட்டிகள் இடம்பெற்றன. அவற்றில் தங்கப் பதக்கங்களைப் பிரித்தானியரே வென்றனர். படைகளும் இதே வழியைப் பின்பற்றின. லீ என்ஃபீல்டு துப்பாக்கிகள் 0.22 தோட்டா சுடும்படி மாற்றப்பட்டுப் பயிற்சிக்கு வழங்கப்பட்டன. இந்தியாவில் 1948இல் அமைந்த தேசிய மாணவர் படையிலும் அவ்வகை ரைபிள்கள் பயிற்சிக்குப் பயன்பட்டன.

துருவும் வேகமும்

தொடக்ககாலத் தோட்டாக்களுக்கு மறைமுகச் செலவு ஒன்று இருந்தது. எரியூட்டும் கலவையில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு எரிந்தபின் ஒருவகை உப்பாகக் குழலில் படிந்தது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்தது. சுட்ட அன்றே குழலைக் கழுவாதவர் துப்பாக்கியையே இழக்க நேர்ந்தது. 1920களின் பிற்பகுதியில் ரெமிங்டன் நிறுவனம் ‘கிளீன்போர்’ என்னும் பெயரில் துருப்பிடிக்கச் செய்யாத தோட்டாக்களை விற்கத் தொடங்கியது. மற்ற ஆலைகளும் அவ்வழிக்கு மாறின.

1930களில் அதிவேக 0.22 தோட்டாக்கள் சந்தைக்கு வந்தன. வேட்டைக்காரர் அவற்றை விரும்பினர், போட்டியாளர் ஏற்கவில்லை. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். அதைத் தாண்டிப் புறப்படும் குண்டு, காற்றின் தடையால் விரைவில் வேகமிழந்து ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும். இவ்வாறு மிகுதியாக வேகம் இழக்கும் குண்டைப் பக்கக்காற்றும் மிகுதியாகத் தள்ளும். நொடிக்கு 330 மீட்டர் அளவில் புறப்படும் குண்டு காற்றில் குறைவாகவே விலகும். இதனால் போட்டித் தோட்டாக்கள் இன்றும் ஒலிவேகத்துக்குக் கீழேயே செய்யப்படுகின்றன. வேகம் மிகுந்ததே சிறந்தது என்று எண்ணி வாங்குபவர் செலவழித்துக் குறியை இழக்கிறார்.

ஒரே பெயர், வேறு வேறு முடிவு

50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 50 மீட்டருக்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தாழ்கிறது. அடுத்த குண்டு நொடிக்கு 10 மீட்டர் கூடுதலாகச் சென்றால் அது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் மேலே படும். வீரரின் கையும் கண்ணும் மூச்சும் சரியாக இருந்தும் புள்ளி போய்விடும். விளிம்புக்குள் பரவிய கலவை சற்று மிகுந்தாலோ குறைந்தாலோ இந்த வேறுபாடு வந்துவிடும்.

எனவே தோட்டாவின் பெயரைவிட அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பது முக்கியமாயிற்று. ஒரே ஆலையில், ஒரே பெயரில் வந்த இரு தொகுதிகள் ஒரே துப்பாக்கியில் வேறுபட்டு நடந்துகொள்ளும். ஒரு குழலில் மிக நன்றாகக் குவியும் தொகுதி மற்றொரு குழலில் சிதறும். பிரித்தானியாவின் ஈலி, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ்., லாபுவா போன்ற நிறுவனங்கள் வீரர்கள் தம் துப்பாக்கியைக் கொண்டுவந்து பல தொகுதிகளைச் சோதித்து வாங்க வசதி செய்துள்ளன. துப்பாக்கியை அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு தொகுதியிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, குண்டுத் துளைகள் எவ்வளவு நெருக்கமாகக் குவிகின்றன என்று அளப்பார்கள். உயர்விலைத் தோட்டாவுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி இவ்வாறு சோதித்துத் தரம்பிரிப்பதற்கான விலையே.

பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று

இதிலிருந்து வீரர்களிடையே ஒரு நடைமுறை உருவாயிற்று. போட்டிக்குத் தம் குழலில் சோதித்த ஒரு தொகுதியை மொத்தமாக வாங்கி ஒதுக்கிவைப்பர். அன்றாடப் பயிற்சிக்கு அதே வேகத்தில் செல்லும் இடைநிலைத் தோட்டாவைப் பயன்படுத்துவர். லாபுவாவின் 0.22 தோட்டாக்கள் செய்யப்படும் ஜெர்மனியின் ஷோனெபெக் நகரிலேயே விலை குறைந்த எஸ்.கே. தோட்டாக்களும் செய்யப்படுகின்றன, இத்தகையவை பலருக்குப் பயிற்சித் தோட்டாக்கள்.

மிக மலிவானதைப் பயிற்சிக்கு வாங்குவதில் ஓர் இடர் உண்டு. குண்டு விலகியது தம் பிழையாலா தோட்டாவின் பிழையாலா என்று வீரருக்குத் தெரியாமல் போகும். அப்போது பயிற்சியின் பயனே கெட்டுவிடும். தோட்டா வகையை மாற்றும்போது அதன் மேற்பூச்சு மெழுகு குழலில் படியச் சில குண்டுகள் சுடவேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்வர். இவை எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்தது தோட்டாவே இல்லாமல் நிலை, மூச்சு, விசையிழுப்பு ஆகியவற்றைப் பழகுவது. முன்னணி வீரர்களும் இதை விடுவதில்லை.

இந்தியாவில்

இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. மக்களவையின் முதல் தலைவரான ஜி.வி. மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். 0.22 ரைபிளுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். உயர்தரப் போட்டித் தோட்டாக்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இதனால் புதிதாக வருவோர் பெரும்பாலும் 4.5 மில்லிமீட்டர் குண்டு சுடும் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குகின்றனர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் பெற்றதும் அப்பிரிவில்தான்.

இந்தச் சூழலில், 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் மகாராட்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது குறிப்பிடத்தக்கது. இப்பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் மத்திய இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணிபுரிந்தவர்.

எளிய மக்களும் சுடப் பழகவேண்டும் என்பதற்காகப் பரவிய தோட்டா, அதன் உயர்ந்த தரத்தில் இன்று எளியவருக்கு எட்டாத விலையை அடைந்துள்ளது. ஆனால் உருவத்தில் இரண்டும் ஒன்றே. எந்தப் பெட்டி தன் குழலுக்குப் பொருந்தும் என்று பொறுமையாகச் சோதித்துப் பார்ப்பவருக்கு, நடுத்தர விலையிலும் நல்ல தோட்டா கிடைக்கும் என்பதே இந்த வரலாறு தரும் செய்தி.