போக்கிமான் ஸ்டேடியம்

போக்கிமான் ஸ்டேடியம் என்பது நிண்டெண்டோ 64 கருவிக்காக உருவாக்கப்பட்ட ஒரு நிகழ்பட ஆட்டம் ஆகும். கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியில் சேகரித்து வளர்த்த போக்கிமான்களைத் தொலைக்காட்சித் திரையில் முப்பரிமாண வடிவில் மோதவிடுவதே இதன் நோக்கம்.

வெளியீடு

இத்தொடரின் முதல் ஆட்டம் 1998 ஆகத்து 1 அன்று சப்பானில் மட்டும் வெளியானது. அதில் 151 போக்கிமான்களுள் 42 மட்டுமே மோத முடிந்தது. அனைத்தையும் கொண்ட இரண்டாவது ஆட்டம் 1999 ஏப்ரலில் சப்பானில் வெளிவந்தது. இதுவே 2000ஆம் ஆண்டில் பிற நாடுகளில் ‘போக்கிமான் ஸ்டேடியம்’ என்ற பெயரைப் பெற்றது.

உருவாக்கம்

கேம் பாய் ஆட்டத்தின் மோதல் நிரலை எழுதியவர் ஷிகேகி மொரிமொட்டோ. அப்போது ஹால் ஆய்வகத்தின் தலைவராக இருந்த சட்டோரு இவாட்டா, மூல நிரலைப் படித்தே அதை ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிண்டெண்டோ 64க்கு மாற்றினார். இவாட்டா 2002இல் நிண்டெண்டோவின் தலைவரானார்.

ஆட்ட முறை

விளையாடுபவர் ஆறு போக்கிமான்களைப் பதிவு செய்து, ஒவ்வொரு மோதலுக்கும் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோப்பைகளுக்கு நிலை வரம்புகள் உண்டு. எடுத்துக்காட்டாக, பிக்கா கோப்பையில் 15 முதல் 20 வரையிலான நிலையில் உள்ளவை மட்டுமே பங்கேற்கலாம். சொந்தப் போக்கிமான் இல்லாதோர் வாடகைப் போக்கிமான்களைக் கொண்டு ஆடலாம்.

டிரான்ஸ்பர் பாக்

இவ்விணைப்புக் கருவி நிண்டெண்டோ 64இன் கைப்பிடியில் பொருத்தப்படும். கேம் பாய் கார்ட்ரிட்ஜை இதில் செருகினால், அதில் சேமித்த தரவுகளை ஸ்டேடியம் படிக்கும். சிவப்பு, நீலம், மஞ்சள் பதிப்புகளைத் தொலைக்காட்சியிலேயே ஆடவும் இயலும்.

சேமிப்பும் பாதுகாப்பும்

அப்பதிப்புகளின் கார்ட்ரிட்ஜில் உள்ள நினைவகம், உள்ளிருக்கும் சிறு மின்கலத்தைச் சார்ந்தது. மின்கலம் தீர்ந்தால் பல ஆண்டுகள் வளர்த்த போக்கிமான்கள் அழிந்துவிடும். ஸ்டேடியம் கார்ட்ரிட்ஜோ மின்கலம் தேவைப்படாத பிளாஷ் நினைவகத்தைப் பயன்படுத்துகிறது. எனவே, அதற்கு மாற்றப்பட்ட போக்கிமான்கள் இவ்வாறு அழிவதில்லை.

மறுவெளியீடு

2023 ஏப்ரல் 12 அன்று இவ்வாட்டம் நிண்டெண்டோ சுவிட்ச் இணையவழிச் சேவையில் மீண்டும் வெளியிடப்பட்டது. அதில் டிரான்ஸ்பர் பாக் வசதி இடம்பெறவில்லை. ஆகவே வாடகைப் போக்கிமான்களைக் கொண்டே ஆட வேண்டியிருந்தது. தாம் வளர்த்தவற்றைக் களமிறக்க விரும்புவோருக்குப் பழைய கருவிகளே தேவைப்பட்டன.